சன்னல் இல்லாத கேபினில் பினாங்கு

தீபாவளி முடிந்த கையோடு சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள் கதவடைத்துவிடும். ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு மருந்துக் கலவையும் இல்லை, திரி வேலையும் இல்லை. சரக்கு போன கணக்கு, வரவேண்டிய பாக்கி, கூலி, போனஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு, ஆண்டில் அந்த ஒரு காலத்தில்தான் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் கூட்டாக வெளியூர் கிளம்பும். முன்பெல்லாம் குற்றாலம், திருச்செந்தூர், கொடைக்கானல். மதுரையிலிருந்தே சிங்கப்பூருக்கு விமானம் வந்த பிறகு சிங்கப்பூர். இப்போது அதோடு கப்பலும் சேர்ந்துகொண்டது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதலமைச்சர் கொடியசைக்கச் சொகுசுக் கப்பல் ஒன்று புறப்பட்டது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு ‘குரூஸ் பாரத்’ இயக்கத்தைத் தொடங்கி, 2029க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கப் போவதாகச் சொன்னது. கடலே இல்லாத எங்கள் மாவட்டத்திலும் டிராவல்ஸ் கடைக் கண்ணாடியில் வெள்ளைக் கப்பல் படம் ஒட்டியாகிவிட்டது. இனி நிறையக் குடும்பங்கள் போகும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மல்லாங்கிணறு. எஸ். ராமகிருஷ்ணனையும் தமிழச்சி தங்கபாண்டியனையும் படித்தவர்களுக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும். கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, சோளம், மிளகாய், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். ஆனாலும் கப்பல் எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிலோனுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நம் ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் போக்குவரத்தே முடிந்தது. என் அம்மாவின் தாய்மாமா ரஜூலாவில் போனவர். பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கி, மணியார்டர் அனுப்பி, அம்மாவின் அக்காமார் இரண்டு பேருக்குக் கல்யாணம் முடித்துவைத்தவர். ஊருக்குத் திரும்பவில்லை. அவர் எழுதிய கடிதங்களில் தண்ணீர்மலை முருகன் கோயில் வராத கடிதமே கிடையாது என்று அம்மா சொல்வாள். எழுபது வயது தாண்டிய பிறகு அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தண்ணீர்மலையை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

தம்பி சிவகாசியில் பட்டாசு மொத்தக்கடை வைத்திருக்கிறான். அவனுக்கு ஷட்டரை இறக்க முடிவது தீபாவளிக்குப் பிறகுதான். மதுரையில் ஒரு டிராவல்ஸில், சிங்கப்பூரில் கப்பலேறி புக்கெட், பினாங்கு போய்த் திரும்பும் பேக்கேஜ் இருப்பதாகச் சொன்னார்கள். கடல் தெரியும் அறை, தமிழ் பேசும் டூர் மேனேஜர், சைவ அசைவ இந்தியச் சாப்பாடு, பினாங்கில் தண்ணீர்மலைக்கு வேன். எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வந்தது. விமானத்தோடு சேர்த்துத் தலைக்கு லட்சத்தை நெருங்கும் தொகை. தம்பி சீட்டு எடுத்த பணத்தைப் போட்டான், நான் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சம் போட்டேன். கிராம சுகாதாரச் செவிலியராக இந்தப் பக்கத்து ஊர்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். இன்னமும் தெருவில் ‘நர்ஸம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சிங்கப்பூர் மரினா பே கப்பல் முனையத்தில் வரிசையில் நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டு முன்பதிவிலேயே எழுதியிருந்தது. ‘வரும்’ என்றார்கள். வரவில்லை. தம்பி தன் பெட்டியைச் சாய்த்து அதன்மேல் அம்மாவை உட்காரவைத்தான். டூர் மேனேஜர் என்று வந்த பையன் ஒரு மஞ்சள் கொடியைக் காட்டிவிட்டு மறைந்தவன்தான். பிறகு உணவுக்கூடத்தில் ஒருமுறை தூரத்தில் பார்த்தோம். அறைக்குப் போனால் சன்னல் இல்லை. சன்னல் இருக்க வேண்டிய சுவரில் திரைச்சீலையும், அதற்குப் பின்னால் ஒரு கண்ணாடியும் இருந்தன. தம்பி வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி ரிசப்ஷனில் கேட்டான். “உங்கள் ஏஜென்ட் எங்களிடம் எடுத்தது உள்ளறைதான், சார். அவரிடம் பேசுங்கள்.” ஏஜென்ட்டிடம் பேசுவதற்குக் கப்பலின் வைஃபை வேண்டும், வைஃபைக்குத் தனிப் பணம். ஏஜென்ட் சொன்னார்: “கப்பல்காரங்கதாண்ணே மாத்திட்டாங்க.”

இதையும் தாங்கிக்கொண்டிருப்போம். உண்மையில் அந்த முதல் மாலை நன்றாக இருந்தது. மேல்தளத்தில் காற்று அள்ளிக்கொண்டு போனது. சிங்கப்பூரின் கட்டடங்கள் பின்னால் நகர, நங்கூரம் போட்டிருந்த சரக்குக் கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அம்மா சுங்குடிச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். “எங்க மாமா இப்பிடி மேல நின்னுருப்பாரா, அடித்தட்டுலதான் கெடந்துருப்பாரா?” என்று கேட்டாள். ரஜூலாவில் டெக் டிக்கெட் எடுத்தவர்கள் பாயையும் சட்டி பானையையும் தாங்களே கொண்டுபோய்த் தளத்தில் படுத்துக்கிடந்த கதைகளைத் தம்பி மகனுக்குச் சொன்னாள். அவனும் என் மகளும் நீச்சல்குளத்தைவிட்டு வரவேயில்லை. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. கப்பல் பயணமே கூடாது என்று நான் சொல்ல வரவும் இல்லை.

மறுநாள் முழுக்கக் கடலில். காலைப் பலகாரத்தில் அவரவர் கரண்டியை எடுத்துப் போட்டுக்கொண்டோம். மதியம் போனால் கரண்டிகளைக் காணவில்லை. பணியாளர்களே கையுறை மாட்டிக்கொண்டு பரிமாறினார்கள். உப்பு, மிளகுப் பொடி ஜாடிகள் மேசையிலிருந்து போயிருந்தன. லிஃப்ட் பொத்தான்களை ஒருவர் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் தளத்தின் நடைபாதையில் ஒரு வாசனை. முப்பது வருஷம் கையில் பிளீச்சிங் பவுடர் அள்ளியவளுக்கு அந்த வாசனையை யாரும் சொல்லித்தர வேண்டாம். மூன்று கதவுகளுக்கு வெளியே கட்டிவைத்த சிவப்புப் பைகள். நான் ரிசப்ஷனுக்கே போய்க் கேட்டேன்: “கப்பலில் யாருக்காவது வாந்தி பேதி இருக்கிறதா?” அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, “இது எங்கள் வழக்கமான கூடுதல் சுத்தம்தான், மேடம்” என்றாள். அப்போது அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் கதை வேறாகியிருக்கும். பிள்ளைகளைக் குளத்துக்கு விட்டிருக்க மாட்டேன். அம்மாவுக்கு அறையிலேயே சாப்பாடு கொடுத்திருப்பேன். கழிப்பறையைத் தனித்தனியாகப் பிரித்திருப்பேன். எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவவைத்திருப்பேன்; ஏனென்றால் கூடத்து வாசலில் பீய்ச்சிவிட்ட அந்த ஆல்கஹால் திரவம் இந்த நோய்க்குச் சரியாக வேலை செய்யாது.

புக்கெட்டில் சிறு படகில் கரைக்குப் போய்வந்தோம். திரும்பும்போதே தம்பி மகன் படகில் வாந்தியெடுத்தான். அலையால் என்று எல்லோரும் சொன்னார்கள். ராத்திரி தம்பி பெண்டாட்டிக்கு ஆரம்பித்தது. விடிவதற்குள் அம்மாவுக்கும். ஒரு கழிப்பறை, சன்னல் இல்லாத அறை, மூன்று நோயாளிகள்.

ரிசப்ஷனுக்குப் போன் போட்டால் இசை ஓடிக்கொண்டே இருந்தது. நான் நேரில் போய் நின்ற பிறகுதான் முகவுறை போட்ட ஒருவர் வந்து, ஒரு தாளை நீட்டி, எப்போது தொடங்கியது, எத்தனை முறை என்று எழுதச் சொன்னார். வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆகும்வரை மூவரும் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்றார். அந்த உத்தரவில் எனக்குக் குறையில்லை. நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அடைத்துவைக்கப்பட்ட ஆளுக்கு என்ன வேண்டும் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. மருத்துவர் அறைக்கு வரமாட்டார், நாங்கள்தான் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும், அங்கே பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் டாலரில் பில் கணக்கில் ஏறும். மாற்றுப் படுக்கை விரிப்பு கேட்டது மதியம் வந்தது. குடிதண்ணீர் பாட்டிலுக்குக் காசு. உப்புப் போட்ட கஞ்சி கேட்டேன். வெறும் சோறும் அது வடித்த தண்ணீரும் போதும் என்று விளக்கிச் சொன்னேன். வறுத்த ரொட்டியும் ஆப்பிள் ஜூஸும் வந்தன. சர்க்கரை அதிகமுள்ள ஜூஸ் பேதியைக் கூட்டும். வீட்டில் இருக்கும் எந்த அப்பத்தாவும் அதைக் கொடுக்கமாட்டாள்.

என் பைக்குள் எப்போதும் ஓஆர்எஸ் பாக்கெட் இருக்கும். பழக்கம். அதுதான் காப்பாற்றியது. ஒரு டம்ளரை ஒரே மூச்சில் கொடுத்தால் வாந்தியாகிவிடும் என்பதால் கரண்டி கரண்டியாக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அம்மாவுக்கு ராத்திரி முழுக்கப் புகட்டினேன். தோலைக் கிள்ளிவிட்டுப் பார்ப்பது, நாக்கு ஈரம் பார்ப்பது, எத்தனை முறை சிறுநீர் போனது என்று குறித்துக்கொள்வது. அவளுக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரை உண்டு. விருதுநகர் டாக்டரிடம் வைஃபை வாங்கிக் கேட்டு, எதை நிறுத்துவது, எதைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

இந்த இடத்தில் ஒரு பெரியவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா அள்ளிக்கொண்டு போனது. ஏற்றுவதற்கு குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலானபீஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கரைத்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளியின் உறவினர்களையே டம்ளரில் மொண்டு கொடுக்கச் சொன்னார். 30 சதவீதத்தைத் தொட்ட சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவர் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய அளவில். இதை எல்லா வீட்டிலும் ஒருவராவது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இத்தனை கோடி ரூபாய்க் கப்பலில் அன்றைக்கு எங்களுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு லிட்டர் கரைசல்தான்.

காலையில் கப்பல் நின்றது தெரிந்தது. எந்திரத்தின் அதிர்வு குறைந்து, தலைக்கு மேல் ஆட்கள் நடக்கும் சத்தம். ஒலிபெருக்கியில் பினாங்கு என்று வரவேற்றார்கள். ஜார்ஜ்டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில், ஊருக்குள்ளேயே என்று சொல்லும்படி, கப்பல் கட்டியிருந்தது. அங்கிருந்து குயின் தெருவில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். தண்ணீர்மலைக்கு வண்டியில் கொஞ்ச நேரம். மூன்று பேரின் கப்பல் கார்டும் முடக்கப்பட்டிருந்தது. “வெளிய போகலைன்னாலும் பரவால்ல, மேல போயி ஒரு வாட்டி பாத்துட்டு வந்துர்றேனே” என்றாள் அம்மா. கூடாது என்று சொல்ல வேண்டியவள் நான்தான், சொன்னேன். தொற்று உள்ளவர் கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் அடுத்து தொடுகிறவருக்குப் போகும். ஆனால் சொன்னபடி சன்னல் உள்ள அறை கொடுத்திருந்தால் படுக்கையில் இருந்தபடியே அவள் தன் மாமா மூட்டை சுமந்த துறைமுகத்தைப் பார்த்திருப்பாள். இந்தப் பயணத்தில் நான் மன்னிக்காதது அதைத்தான். தம்பி மட்டும் இறங்கிப் போய், கோயில் வாசலிலிருந்து வீடியோ அழைப்பில் காட்டினான். அம்மா பார்த்தாள், கும்பிட்டாள், செல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

என்ன கிருமி என்று எங்களுக்கு யாரும் ரிசல்ட் காட்டவில்லை. ஆனால் தொடங்கிய விதம், பரவிய வேகம், ஓரிரு நாளில் அடங்கியது, எல்லாம் நோரோ வைரஸின் குணம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் 1968இல் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கும்பலாக வாந்தியெடுத்தார்கள். 1972இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கிருமியைப் பிடித்தார்கள். தொற்றி 12 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆளைச் சாய்க்கும். மிகச் சில துகள்களே போதும். மேசை, கைப்பிடி, கதவுக் குமிழில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். இந்த நோய்க்குக் கப்பல்தான் பிறப்பிடம் என்று நினைப்பதும் தவறு. அமெரிக்காவில் பதிவாகும் நோரோ பரவல்களில் கப்பல்களின் பங்கு ஒரு சதவீதம்தான். முதியோர் இல்லமும் பள்ளியும் உணவகமும்தான் மீதியில் பெரும்பகுதி. கப்பலில் வந்தால் தப்பிக்க இடமில்லை என்பதே வேறுபாடு.

அதனால்தான் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1975 முதல் தங்கள் துறைமுகங்களுக்கு வரும் பயணிகள் கப்பல்களைச் சோதிக்கிறது. பயணிகளிலோ பணியாளர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வயிற்று நோய் என்றால், கப்பலின் பெயர், தேதி, எத்தனை பேர், என்ன கிருமி என்று பொதுவில் வெளியிட்டுவிடும். 2024இல் அப்படி வெளியானவை 18. நாங்கள் போன கடலில் அந்தத் திட்டம் செல்லாது. கப்பல் ஒரு நாட்டுக் கம்பெனியுடையது, பதிவு பஹாமாஸிலோ பனாமாவிலோ, ஏறுவது சிங்கப்பூரில், டிக்கெட் விற்றது மதுரையில். நடுக்கடலில் எந்தச் சட்டம் என்று கேட்டால் கொடியைக் காட்டுவார்கள்.

எங்கள் ஊர்களில் வாந்தி பேதி வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு தெருவில் இரண்டு வீட்டில் கழிச்சல் என்று காதில் விழுந்ததும் செவிலியர் ஓட வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பெயர், வயது, எப்போது தொடங்கியது, எந்தக் குழாய்த் தண்ணீர் என்று பட்டியல் எழுத வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல்; சுகாதார ஆய்வாளர் வந்து மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர் கலக்கி, கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குளோரின் நிற்கிறதா என்று நிறம் பார்ப்பார். பள்ளிக்கூடத்திலோ சமுதாயக்கூடத்திலோ முகாம். ஆட்டோவில் மைக் கட்டி, ‘கொதிக்கவைத்த தண்ணீரைக் குடிக்கவும்’ என்று தெருத்தெருவாகச் சொல்வார்கள். 2004இல் தொடங்கிய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் வாரம் தவறாமல் எஸ் படிவம் நிரப்பி அனுப்பினோம். ஒன்றும் இல்லாத வாரத்திலும் ‘இல்லை’ என்று எழுதி அனுப்ப வேண்டும். குறை இல்லாத வேலை என்று சொல்லமாட்டேன். மூடி மறைக்கப் பார்த்த தலைவர்களும் உண்டு, வெறும் கையோடு போய் நின்ற நாட்களும் உண்டு. ஆனால் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் விதி. ஏழை ஊராட்சிகளில் செய்ய முடிந்த இதை, பல தளம் கட்டிய கப்பலில் செய்யவில்லை. அங்கே பட்டியல் எழுதினார்கள், கரண்டியை எடுத்தார்கள், குளோரின் அடித்தார்கள். பயணிகளுக்குச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டார்கள். சொன்னால் கடைகளிலும் கூடங்களிலும் கூட்டம் குறையும், கரைக்குப் போகும் டிக்கெட்டுகளைத் திருப்புவார்கள். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தம்பி பட்டாசுக்காரன். அவன் சொன்னது: “ஆலையில ஒரு ரூமுக்கு நாலு ஆளுக்கு மேல இருக்கக் கூடாது. ஒரு ரூம்ல புகைஞ்சா, அடுத்த ரூம்காரனுக்குச் சத்தம் போட்டுச் சொல்றதுதான் அக்கா மொத வேல. அணைக்கிறதெல்லாம் அப்பறம்.”

நோயும் கப்பலும் நம் ஆட்களுக்கு வெகுநாள் சொந்தம். சிங்கப்பூருக்குத் தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவு இருக்கிறது. 1874 முதல் அது நோய்த்தடுப்பு முகாமாக இருந்தது. காலராவோ அம்மையோ கண்ட கப்பலில் வந்தவர்களை அங்கே இறக்கி அடைத்துவைப்பார்கள். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவும் அப்படித்தான். சிலோன் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாம். தோட்டக் கூலியாகப் பேர் எழுதியவர்கள் அங்கே சில நாள் தங்கி, ஊசி போட்டு, துணிமணிகளைப் புகைபோட்டு எடுத்த பிறகுதான் கோஷன் கப்பலிலோ இர்வின் கப்பலிலோ ஏற முடியும். அந்த முகாம்களில் மரியாதை இருந்ததில்லை. ஆடுமாட்டைப் போல அடைத்தார்கள் என்று கிழவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் எதற்காக அடைத்தார்கள் என்பது அடைபட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. முழுக் காசு கொடுத்த எங்களுக்கு அதையும் நாங்களே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கப்பலில் உள்ள வேலைக்காரர்கள்மீது எனக்குக் கோபமில்லை. எங்கள் தளத்தில் அறை துடைத்த பையன் தூத்துக்குடிப் பக்கம். அம்மா “தம்பி” என்று கூப்பிட்டதும் தமிழில் பேசிவிட்டான். அடுத்த முறை வரும்போது யாருக்கும் தெரியாமல் கூடுதல் துண்டுகளும், ஒரு ஃபிளாஸ்கில் சுடுதண்ணீரும் கொண்டுவந்தான். “அக்கா, எங்க ஆளுகளே நெறையப் பேரு படுத்துட்டாங்க. இருக்கறவுங்கதான் அவுங்க தளத்தையும் சேத்துப் பாக்குறோம். பாசஞ்சர்கிட்ட எதும் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.” விரிப்பு வரத் தாமதமானதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. மாதக்கணக்கில் நீளும் ஒப்பந்தம். 2013இல் நடைமுறைக்கு வந்த உலகக் கடல்தொழிலாளர் ஒப்பந்தப்படி ஒரு நாளைக்குப் பத்து மணி நேர ஓய்வு கொடுத்தால் போதும், அதாவது பதினான்கு மணி நேரம்வரை வேலை வாங்கலாம். ஒரே அறையில் இரண்டு மூன்று பேர் படுக்கை.

2020 பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் டைமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்திவைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 3,711 பேர் இருந்த கப்பலில் 712 பேருக்குக் கொரோனா. பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனவர்கள் உட்பட 1,045 பணியாளர்களும் கூட்டாகவே சாப்பிட்டு, கூட்டாகவே படுத்து, வேலையைத் தொடர்ந்தார்கள். தொற்று உறுதியான முதல் 20 பணியாளர்களில் 15 பேர் உணவுப் பணியாளர்கள். கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் பணியாளர்களே. எங்களைக் காப்பாற்றுங்கள் என்று வீடியோவில் கேட்டவர்களில் மதுரைக்காரர் ஒருவரும் இருந்தார். அந்த மாதக் கடைசியில் ஏர் இந்தியா விமானம் 119 இந்தியர்களை மீட்டு வந்தது. பயணி நோயில் விழுந்தால் விடுமுறை கெடுகிறது. அந்தத் தூத்துக்குடிப் பையன் விழுந்தால் அவன் வீட்டு வருமானத்துக்கே கேடு. கப்பல்காரர்கள் மறைத்தது எங்களிடம் மட்டுமல்ல. எந்த அறையில் நோய் என்று தெரியாமல் வாந்தி துடைக்கப் போகிறவனிடமும்தான்.

சிங்கப்பூரில் இறங்கும்போது பில் கொடுத்தார்கள். கரைக்குப் போகாத பினாங்குச் சுற்றுலாவுக்குக் காசு, குடித்த தண்ணீருக்குக் காசு, தினப்படிச் சேவைக் கட்டணம் ஆளுக்கு ஒன்றாக, அறையில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கும் சேர்த்து. தம்பி கையெழுத்துப் போடும் இடத்தில் ‘ஆட்சேபத்துடன்’ என்று எழுதிப் போட்டான். நல்ல காரியம். ஊர் வந்ததும் அதுதான் முதல் சாட்சியாயிற்று.

போக நினைக்கிறவர்களுக்குச் சில சொல்கிறேன். அறை எண்ணும் வகையும் போட்ட கப்பல் கம்பெனியின் சீட்டையே கேளுங்கள். ஏஜென்ட் தன் லெட்டர்பேடில் அடித்துத் தருவது போதாது. பயணக் காப்பீட்டில் கப்பலுக்குள் மருத்துவச் செலவும், அறையில் அடைத்துவைத்தால் ஈடும் உண்டா என்று வாசித்துப் பாருங்கள். பெரியவர்கள் வந்தால் மருந்துச் சீட்டும் ஓஆர்எஸ்ஸும் கையில் இருக்கட்டும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கரண்டி திடீரென்று மறைந்தால் காரணம் கேளுங்கள்.

வந்த பிறகு வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மதுரைக்கோ சிங்கப்பூருக்கோ போக வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே கேட்கலாம். நம் ஊர்க்காரர்கள் இதில் ஒதுங்கிவிடுகிறார்கள். ‘போனது போச்சு, கோர்ட்டு வாசப்படி எதுக்கு’ என்பார்கள். தம்பியும் முதலில் அப்படித்தான் சொன்னான். அம்மாதான், “அவுகளுக்குத் தெரிஞ்சு சொல்லாம இருந்தாகள்ல, அதக் கேக்கணும்யா” என்றாள்.

பினாங்குக்கு இப்போது சென்னையிலிருந்தே விமானம் இருக்கிறது. அம்மாவை அதில் கூட்டிப் போவதாகப் பேச்சு. தைப்பூசத்தில் தண்ணீர்மலையில் கூட்டம் தாங்காது, வேறு மாதம் போகலாம் என்கிறான் தம்பி; அம்மா தைப்பூசத்தை விடுவதாக இல்லை.

எங்கள் வக்கீல் நோட்டீஸுக்குப் பதிலாக டிராவல்ஸிலிருந்து அடுத்த கப்பல் பயணத்துக்குக் கழிவு தரும் கூப்பன் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டோம். பணத்தில் எவ்வளவு கேட்பது என்பதை வக்கீல் முடிவு செய்வார். கேள்விகளை நானே எழுதிக் கொடுத்தேன். எங்களுக்கு முன் அந்தக் கப்பலில் போய் இறங்கியவர்களில் எத்தனை பேருக்கு வாந்தி பேதி? நாங்கள் ஏறிய அன்றைக்குப் பணியாளர்களில் எத்தனை பேர் படுக்கையில்? கரண்டியை எடுக்கச் சொன்ன உத்தரவு எத்தனை மணிக்கு வந்தது? அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கான நீச்சல்குளத்தைத் திறந்துவைத்தது யார்? பெயர், வயது, தொடங்கிய நேரம் எல்லாம் எங்களிடம் தாளில் எழுதி வாங்கினார்களே, அந்தப் பட்டியல் இப்போது எங்கே? பதில் இதுவரை இல்லை. மனு இந்த மாதம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது.